ஏழு பேர் தேவைப்பட்ட ஆட்டம்

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் பெண்கள் கபடி அணி தொடங்கப் போகிறேன் என்றதும், இன்ஷூரன்ஸில் இதற்கெல்லாம் கவர் ஆகுமா என்று கேட்டார் என் கணவர். கரூரில் கல்லூரி அணிக்காக ஆடியவள் நான். இங்கே வந்து பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஐந்து பேர் வந்தார்கள். என்னோடு ஆறு. ஏழாவது ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. வந்தவர் சென்னைக்காரப் பல் டாக்டர். கபடியை டிவியில்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்றார்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மனையில், பில்டரிடம் கேட்டுக்கொண்டு, களம் அமைத்தோம். ஆகஸ்ட் வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்று சனிக்கிழமை கல் பொறுக்கி, மண் கொட்டி நிரவினோம். முதல் பயிற்சியில் நாலு பேர் சேர்ந்து ஒருத்தியை மடக்கிக் கீழே தள்ளியதைப் பார்த்து யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். கீழே கிடந்தவளே எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, இது விளையாட்டுதான் என்று அதிகாரிக்கு விளக்கினாள். அவர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முதல் போட்டி ஹூஸ்டனில். படுதோல்வி. போதாக்குறைக்கு டாக்டரின் விரல் முறிந்தது. திரும்பும் வழியில் வேனில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அணி இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"சாரி டாக்டர். கையை வெச்சுதான் உங்க வேலையே. நான்தான் உங்கள இதுல இழுத்து விட்டேன்" என்றேன்.

"இடது கைதானே, செட் ஆயிடும். அடுத்த சாட்டர்டே ப்ராக்டிஸ் எத்தனை மணிக்கு?" என்றார் அவர்.

வேனில் முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை.

விரல் ஆறும்வரை கோட்டுக்கு வெளியே நின்று மூச்சுப் பிடித்துப் பாடிப் பழகினார். அடுத்த வருடம் அதே ஹூஸ்டன் அணி எங்கள் களத்துக்கு வந்தது. கடைசி நிமிடத்தில் புள்ளிகள் சமம். நான் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பாடிப் போனார். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். புழுதிக்குள்ளிருந்து "கபடி, கபடி" மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது.

அந்தத் தொடுதலில் ஜெயித்தோம். கல்லூரியில் வாங்கிய எந்தக் கோப்பைக்கும் நான் அப்படி அழுததில்லை.