காசு கொடுத்த தொண்டையும் ஓசித் தொண்டையும்

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெருமாள் கோவிலில் பெண்களுக்கென்று தனியாக ஒரு கோஷ்டி உண்டு. பாசுரத்தின் முதலடியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்து சேவிப்பார்கள். முதலடி எடுத்துக் கொடுத்து வந்தவள் என் மனைவி. அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி பெரிதாகி மூச்சை அழுத்தத் தொடங்கியபோது ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோம்.

வீடு திரும்பும் நாளன்று அவள் குரல் காற்றாகத்தான் வந்தது. மயக்கத்துக்காகத் தொண்டையில் குழாய் செருகியிருந்தார்கள், அதனால் அப்படி இருக்கும், நாளாவட்டத்தில் தெளிந்துவிடும் என்றாள் செவிலி. நாங்களும் நம்பினோம். உயிரைக் காத்தவரிடம் கட்டணத்தை மட்டும் செலுத்திவிட்டு வந்துவிடுவது எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. தட்டில் பழமும் துளசியும் கோவில் பிரசாதமும் வைத்து, அறுவை செய்த மருத்துவருக்குச் சால்வை போர்த்தினோம். அவர் வெட்கத்தோடு தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். செவிலி தன் கைபேசியில் படம் எடுத்தாள். படத்தில் என் மனைவி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

குரல் தெளியவில்லை. வேறொரு மருத்துவர் தொண்டைக்குள் கருவி விட்டுப் பார்த்து, இடப்பக்கக் குரல் நாண் அசையவேயில்லை, அதற்குப் போகும் நரம்பு அறுவையின்போது சேதமாகியிருக்க வேண்டும் என்றார். பழைய மருத்துவரைத் தேடிப் போனோம். அறுவை அரங்கில் இருக்கிறார், ரவுண்ட்ஸில் இருக்கிறார், ஊரில் இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். ஒருநாள் நடைபாதையில் எதிரே வந்தவர் எங்களைக் கண்டதும் தயங்கி நின்றார். பிறகு திரும்பி மின்தூக்கிக்குள் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "ஏன்னா, எனக்கு நஷ்ட ஈடெல்லாம் வேண்டாம். என்ன ஆச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும். கை தவறிடுத்துன்னா தவறிடுத்துன்னு சொல்லட்டும். என் தொண்டைக்குள்ள நடந்தது எனக்குத் தெரிய வேண்டாமா?"

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தோம்.

அதே காலத்தில் குரல் பயிற்சிக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். அங்கே காத்திருக்கும் பெஞ்சில் தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான கோபிநத்தத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி அறிமுகமானாள். அவளுக்கும் தைராய்டு அறுவைதான். சிகிச்சை நடந்தது அரசு மருத்துவமனையில். அவளுக்கும் குரல் போய்விட்டது. சந்தையில் காய்கறிக் கடை போடுகிறவள். இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்துக் காற்றுக் குரலில் பேசிக்கொள்வதை மற்றவர்கள் ஏதோ ரகசியம் என்று எண்ணியிருப்பார்கள்.

"பக்கத்துக் கடைக்காரி கூவறா, சனம் அங்க போயிருதுங்கம்மா. என் தக்காளிதான் நல்ல தக்காளி. வாயில்லாத தக்காளிய ஆரு பாக்கறாங்க?"

"எங்க கோவில்ல மட்டும் என்னவாம்? இப்ப ஆரம்பிச்சுக் கொடுக்கறவ ஸ்ருதி எட்டாம கத்தறா. பெருமாள் பாவம், பொறுத்துண்டிருக்கார்."

அவள் கணவன் விவசாயி. குரல் கணீரென்று இருக்கும். எங்கள் வழக்கைப் பற்றிக் கேட்டதும் தங்களையும் வழக்கறிஞரிடம் அழைத்துப் போகச் சொன்னான். அழைத்துப் போனேன். வழக்கறிஞர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நுகர்வோர் ஆணையத்துல இது நிக்காது. எல்லாருக்கும் இலவசமா வைத்தியம் பாக்கற சர்க்கார் ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள்ள வராது. சிவில் கோர்ட்லதான் போடணும். முதல்ல சர்க்காருக்கு நோட்டீஸ், அப்புறம் கேஸ். நாளாகும்" என்றார்.

விவசாயி என்னைப் பார்த்தான். "ஏனுங்க சாமி, காசு குடுத்த தொண்டைக்கு ஒரு கோர்ட்டு, ஓசித் தொண்டைக்கு ஒரு கோர்ட்டுங்களா? கத்தி ஒரே கத்திதானுங்களே?"

பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் வாங்க நீளும் கைகளில் எது கொடுத்த கை, எது கொடாத கை என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டம் அப்படி இல்லை.

ஆனால் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அரசு மருத்துவமனையில் அறுவை செய்த பெண் மருத்துவர், மறுநாள் காலையிலேயே படுக்கையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரத்தக் கசிவை நிறுத்தும்போது நரம்பு தன் கையால்தான் சேதமானது என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். குரல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ததும் அவரே. இதைக் கேட்டதும் என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கிட்ட சொன்னாளா? அவளே வந்து சொன்னாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆணையத்தில் மருத்துவமனையின் வழக்கறிஞர் முதலில் நீட்டியது அந்தச் சால்வைப் படத்தைத்தான். சிகிச்சையில் முழுத் திருப்தி அடைந்து மருத்துவரைக் கௌரவித்தவர்கள் இன்று குறை சொல்வது எப்படி என்று கேட்டார். எங்கள் வழக்கறிஞர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வியப்பே அதிகம். "மாமி, டிஸ்சார்ஜ் ஆகறப்ப யாராவது சால்வை போடுவாளா?"

"நாங்க போடுவோம்" என்றாள் அவள்.

மருத்துவமனைத் தரப்பினர் சமரசம் பேச வந்தார்கள். தொகை தருகிறார்கள், தவறு நடந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள், இதைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்பது நிபந்தனை. என் மனைவி சிரித்தேவிட்டாள். "குரலைப் பறிச்சுண்டு, பேசாதேன்னு கண்டிஷனும் போடறாளா? வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

ஆணையம் மருத்துவரை நேரில் விசாரிக்க அனுமதித்தது. எதிரில் நின்றவர் இளைத்திருந்தார். நரம்பை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் கட்டியை அறுத்தீர்களா என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார். மருத்துவர் தம் வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"இல்லை. கட்டி பெரிசு, நரம்பு கண்ணுக்குப் படலை. இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருக்கணும். தேடலை."

அவருடைய வழக்கறிஞர் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். எனக்கு அது காதில் விழவில்லை. என் மனைவி கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வராந்தாவில் மருத்துவர் தாமாகவே அருகில் வந்தார். அவள் பேசியது கேட்பதற்காக அந்த உயரமான மனிதர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?" என்றாள்.

"சொல்ல வந்தேன் அம்மா. வாயைத் திறந்தா கேஸ் தோத்துப்போகும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அப்போ கேஸே இல்லை." அவர்மேல் எனக்கு இருந்த கசப்பு அந்த வராந்தாவிலேயே பெரும்பாலும் கரைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் என் மனைவிக்கு அதில் மனம் அடங்கவில்லை. "எனக்குக் கேக்க ஒரு இடம் இருந்தது. கோபிநத்தத்துப் பொண்ணுக்கு உண்மை கெடைச்சுது, கேக்க இடம் கெடைக்கலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விவசாயியின் மனைவியோ சிவில் வழக்குப் போடத் தயங்கினாள். "உண்மையச் சொன்ன அந்த டாக்டரம்மா மேல எப்படிங்கம்மா கேசு போடறது? பாவமுங்க." கடைசியில் அவளே போய் அந்த மருத்துவரிடம் கேட்டாள். தாராளமாகப் போடு, கேட்டால் நடந்ததை நடந்தபடியே வந்து சொல்கிறேன் என்றாராம் அவர். பெண்களுக்கான இலவசச் சட்ட உதவியில் ஒரு வழக்கறிஞர் அமைந்தார். நோட்டீஸுக்கு அரசிடமிருந்து பதில் வரவில்லை. வழக்கு சிவில் நீதிமன்றத்துக்குப் போனது.

முதல் வாய்தாவுக்கு நாங்களும் துணைக்குப் போனோம். நீதிமன்றத்தில் கட்சிக்காரரின் பெயரை வாசலில் நின்று கூவுவார்கள். பதில் வராவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். அவள் கணவன் தேநீர் வாங்கப் போயிருந்தான். வழக்கறிஞர் வேறொரு அறையில் இருந்தார். அவள் பெயரைச் சேவகர் கூவினார். அவள் எழுந்து, "இருக்கறனுங்க" என்றாள். கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்கு அடுத்திருந்த எனக்கே அது கேட்கவில்லை. சேவகர் மறுபடி கூவினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் விலக்கியபடி நடந்துவிட்டாள். இருவரும் நேரே போய்ச் சேவகரின் முகத்துக்கு முன்னால் நின்றார்கள்.