ஹாரன்களுக்கு நடுவே தேவகி அக்காவின் குரல்

வீடியோ காலில் கிளையன்ட் சொன்னது ஒரே விஷயம்தான்: கண்டக்டருக்குக் குரல் கொடுத்தவர் பாதி வார்த்தையை முழுங்குகிறார், ஆளை மாற்றுங்கள்.

எங்கள் அலுவலகம் சேவூரில், விசைத்தறிகள் ஓடும் தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. பஸ் ஓட்டும் மொபைல் கேம் ஒன்றுக்கு ஒலி வேலை செய்துகொண்டிருந்தோம். அதில் வரும் பெண் கண்டக்டரின் குரல் தேவகி அக்காவுடையது. ஆட்டோவில் ஒலிக்கும் பட்டுக்கடை விளம்பரங்களுக்குப் பேசுகிறவர். கேமுக்குப் பேசியது இதுதான் முதல்முறை. இதில் நின்றால்தான் அடுத்த பாகத்துக்கும் கூப்பிடுவார்கள்.

முதலாளி பாலாஜி சார் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னார்.

"நான் முழுங்குறனா? முழுங்குனா கடைக்காரங்க தீபாவளிக்குத் தீபாவளி என்னைத் தேடிகினு வருவாங்களா சார்?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. கைப்பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். முழுசாக இருந்தது. பிறகு விலை குறைந்த ஒரு போனில் பஸ் ஸ்டாண்ட் காட்சியை ஓட்டி, அக்கா என்ன சொன்னார் என்று சாரிடம் கேட்டேன்.

"பெரணமல்லூர் போறவங்க முன்னாடி ஏறுங்க, படியில நிக்காதீங்க. நல்லாத்தான கேக்குது?"

"போன்ல 'முன்னாடி'யோட நின்னுடுச்சு சார். மீதிய நீங்களே சேத்துகினீங்க."

சார் போனைக் காதில் வைத்து மறுபடி கேட்டார். சிரித்துவிட்டார். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். பாதி காதில் விழுந்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். டெஸ்டிங் செய்ததும் நாங்களேதான்.

கோளாறு இதுதான். அந்த கேமில் ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு ஒலிகள்தான் ஓடலாம். அதற்குமேல் ஒன்று வந்தால், முதலில் தொடங்கியது வெட்டப்படும். எஞ்சின் ஒலியை வெட்டாதபடி பாதுகாத்திருந்தோம், பேச்சை மறந்துவிட்டோம். ஹாரன்கள் வர வர, அக்காவின் நீளமான வரி பழையதாகி விழுந்தது.

மாற்றியவை:

1. பேச்சுக்கே முதல் ப்ரையாரிட்டி.
2. ஒரே ஹாரன் ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதை யாரும் கவனிக்கப்போவதில்லை.
3. காதுக்கு எட்டாத தூரத்து பஸ்ஸுக்கு இடம் கிடையாது. கிட்டே வரட்டும், கொடுக்கலாம்.

திருத்திய கேமை அனுப்பினோம். புது ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்று கிளையன்ட் பாராட்டினார். பழைய ஆள்தான் என்று சார் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: வசனம் தெரிந்தவரை வைத்து வசனத்தை டெஸ்ட் செய்யாதீர்கள்.

அடுத்த பாகத்துக்குப் பேச வந்த அன்று அக்கா கேட்டார்: "இப்ப யாரை வெட்டுதும்மா?"

"ஹாரனைத்தான்கா."

"நல்லா வெட்டட்டும்" என்று மைக் முன்னால் உட்கார்ந்தார்.