ஜமீலா மேடத்தின் இழுப்பு

என்னோடு லேபில் வேலை பார்த்த ஜமீலா மேடத்தின் கணவர் போன் செய்தபோது கொள்ளிடத்தில் வெள்ளம். நாங்கள் சோதித்து அனுப்பிய அலுமினிய மீட்புப் படகுகள் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தன. "இழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு சார்" என்றார். "எந்த வெல்டிங்ல பாய்?" என்று கேட்டேன். "படகு இல்ல சார். ஜமீலாவுக்கு. மூச்சு நின்னு மவுத்தாயிட்டா."

'இழுப்பு' என்ற சொல்லை எங்களுக்குக் கொடுத்ததே மேடம்தான். அலுமினியத் தகடுகளைப் பற்றவைத்து ஆறவிட்டால், வெல்டிங்கைச் சுற்றி ஒரு விறைப்பு உள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பாடப்புத்தகம் அதை எச்சத் தகைவு என்கிறது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாவோடு மல்லுக்கட்டிய மேடம் "இழுப்பு" என்றார். "என் இழுப்பு சத்தம் போட்டுச் சொல்லிடும் சார். இது வாயே திறக்காது" என்று சிரிப்பார். லேபில் எங்கள் எல்லோர் வாயிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை கீழ்வேளூர்ப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு படகு வந்தது. வெல்டிங் பார்க்க அவ்வளவு அழகு. மழை தொடங்கிவிட்டதென்று பட்டறைக்காரர் சான்றிதழில் கையெழுத்துக்கு நின்றார். மேடம் பின்பக்க மூலையில் உலோகத்தின் அசைவை அளக்கும் கேஜ் ஒட்டி, அதன் நடுவே சிறு துளை போட்டார். துளை விழுந்தால் இறுகிக் கிடக்கும் உலோகம் கொஞ்சம் தளரும். எவ்வளவு தளர்ந்தது என்பதை வைத்து இழுப்பைக் கணக்கிடுவோம். மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது.

"வேணாங்க. அறுத்துட்டு மறுபடி பத்த வைங்க" என்றார் மேடம்.

"எல்லாத்துக்கும் இப்படிப் பயந்தா எப்படிம்மா?" என்றார் பட்டறைக்காரர்.

"பயந்தாதான் அளப்போம். பயம் போயிட்டா கையெழுத்து மட்டும்தான் போடுவோம்."

பட்டறை ஆட்கள் வெல்டிங்கை அறுக்கத் தொடங்கினார்கள். பாதி வருவதற்குள் தகடு படக்கென்று வாய் பிளந்தது. படகோட்டி மாரிமுத்து பின்னால் நகர்ந்தார். "நடு ஆத்துல இருந்திருந்தா?" என்றார். மேடம் இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் லேபுக்கு வந்தேன். அடுத்த படகு காத்திருந்தது. நானே கேஜ் ஒட்டித் துளை போட்டேன். அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. முன்பெல்லாம் மீட்டர் ஓடும்போது பின்னால் மேடத்தின் மூச்சு கேட்கும். எண் நிற்பதுபோல் இருந்தது, மறுபடி நகர்ந்தது. வாசலில் மாரிமுத்து.

"தண்ணி ஏறுது சார். எடுத்துட்டுப் போகவா?"

பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க. இன்னொரு இடத்துல அளந்துட்டுச் சொல்றேன்."

மேடம் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம். அது போய்விடக்கூடாதே என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.