அம்மா கேட்கச் சொன்னது

எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, சித்தப்பாவிடம்தான் இருந்தது. அப்பா சுவிஸில் வின்டர்தூர் நகரத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். அங்கே அவருக்குத் தேவைப்பட்ட சொற்கள் வெங்காயம், கோப்பை, கெதியாய் என்பவற்றோடு முடிந்துவிட்டன. அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்தாள். அதுவும் ஆட்கள் எல்லாரும் போன பிறகு. வெறும் மேசைகளோடு எந்த மொழியும் கதைக்கத் தேவையில்லை. சித்தப்பா மட்டும் தொலைக்காட்சியில் காலநிலை சொல்பவரைப் போல அழகாகப் பேசுவார். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் எனக்குப் பல் வலித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளர் யாரையும் பார்த்துச் சிரிக்காத மனிதர். சித்தப்பா இரண்டு வார்த்தை சொன்னால் அவருக்கும் பல் தெரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அந்த வகுப்பு முடிகிறபோது பிள்ளைகளைச் செக் என்கிற இடைநிலைப் பள்ளியின் இரண்டு பிரிவுகளுக்குப் பிரித்துவிடுவார்கள். செக் ஏ என்றால் பாடங்கள் வேகமாகப் போகும். அதிலிருந்து மேற்படிப்புக்கு வழி உண்டு. செக் பி நிதானமானது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஒரு தொழில் பழகப் போவார்கள். இதைப் பற்றிப் பேச ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். அப்பாவுக்கு வேலை. அம்மாவோடு சித்தப்பா போனார். நான் நடையில், வரிசையாகத் தொங்கிய குளிர் அங்கிகளுக்குக் கீழே குந்தியிருந்தேன்.

வெளியே வந்த சித்தப்பா என் தலையைத் தடவி, பி கிடைத்திருக்கிறது என்று ஏதோ பரிசு விழுந்ததுபோலச் சொன்னார். ஏன் ஏ இல்லை, பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருமே என்று அம்மா கேட்டாள். ரீச்சர் யோசித்துத்தான் சொல்லியிருப்பா, இந்த நாட்டில் ரீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்றார் அவர். பேருந்தில் வீடு வரும்வரை அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அது பெரிய கவலையாக இருக்கவில்லை. அப்போது என் கவலை முழுவதும் நாடகத்தில் இருந்தது. எங்கள் பள்ளிக் கட்டடத்துக்கு நூறு வயது ஆகியிருந்தது. அந்தக் காலப் பள்ளிக்கூடத்தை வைத்து ஆசிரியையே ஒரு நாடகம் எழுதியிருந்தார். பள்ளிக் குழு கூடுகிறது. பாதிரியார், வைத்தியர், ஆலை முதலாளி எல்லாரும் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். நகரத்திடம் போதிய பணம் இல்லை. ஆகவே பிரெஞ்சும் கேத்திர கணிதமும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்; மற்றவர்களுக்கு வாசிப்பும் கூட்டல் கழித்தலும் போதும், பெண் பிள்ளைகள் என்றால் தையல் என்று தீர்மானிக்கிறார்கள். அப்போது நூல் ஆலையில் வேலை செய்யும் ஒரு விதவை எழுந்து, என் மகளும் அந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்று கேட்கிறாள். குழு முணுமுணுக்கிறது, தாடியைத் தடவுகிறது, கடைசியில் சம்மதிக்கிறது.

விதவையாகக் கணீரென்ற குரலுடைய ஒரு தோழி நடித்தாள். நான் அவளுடைய மகள். முக்கிய பாத்திரம் என்று வீடெல்லாம் சொல்லித் திரிந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒரு வசனம்கூட இல்லை என்று. மரச் சப்பாத்தும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். நான் அந்தக் குனிதலை வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்.

நாடகத்தன்று அம்மா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்டு, சித்தப்பாவுக்குப் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தாள். குனிந்த தலையோடு கண்ணை மட்டும் உயர்த்தி நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா அவளுடைய காதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விதவை எழுந்து பேசியபோது அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். குழு சம்மதித்ததும், மற்றவர்கள் தொடங்குவதற்கு முன்பே கை தட்டினாள். அம்மா பொது இடத்தில் அப்படிக் கை தட்டி நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் கேக்கும் பழச்சாறும் வைத்திருந்தார்கள். நான் மரச் சப்பாத்தோடு தடதடவென்று ஓடிப் போனேன். எனக்கு எதுவும் சொல்லாமல் அம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஆசிரியையிடம் போனாள்.

"தம்பி, நாங்களும் அப்பிடிக் கேக்கலாமோ எண்டு கேளும். பிள்ளையை ஏ-யில விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ எண்டு நான் கேக்கிறன் எண்டு சொல்லும்."

சித்தப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பி, தன் அழகான டொச்சில், நாடகம் மிகவும் நன்றாக இருந்ததாம், பிள்ளைக்காக நீங்கள் எடுத்த பிரயாசைக்கு நன்றி சொல்கிறா என்றார்.

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று மெதுவாக, அம்மாவுக்கு விளங்கட்டும் என்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள்.

"யோசிச்சுப் பாக்கிறாவாம் அண்ணி," என்றார் சித்தப்பா.

எனக்கு இரண்டு மொழியும் தெரியும். இரண்டும் என் காதில் விழுந்தன. ஆனாலும் அதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டொச்சில் ஒன்றைக் கேட்பதென்றால் முதலில் இப்படிப் புகழ வேண்டும்போலும், பெரியவர்கள் அதிலிருந்தே மிச்சத்தை விளங்கிக்கொள்வார்கள்போலும் என்று நினைத்தேன். என் கண் கேக்கில் இருந்தது.

அம்மா காத்திருந்தாள். வேலையால் வந்ததும் ரீச்சர் ஏதும் சொன்னாவோ என்று கேட்பாள். வசந்த கால விடுமுறைக்கு முன் பி என்று உறுதியாக எழுதி வந்தது. யோசித்திருப்பா, சரிவரவில்லைப்போல என்றாள். அதற்குப் பிறகு கடையில் ஆசிரியையைக் கண்டால் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தாலும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவரிடம் யாரும் எதையும் கேட்கவேயில்லை.

நான் பி-யில் படித்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பழகினேன். கெட்ட வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் இல்லத்துக்கு வரும் இளம் வைத்தியர்கள் நோயாளியின் கட்டிலருகே தங்களுக்குள் பேசும்போது, நான் தலையணை உறையை மாற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்னைவிட மிகவும் இளையவனான என் தம்பி ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அம்மாவோடு நான் போனேன். அவனுடைய ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லிவிட்டு, பி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வீட்டில் ஏ-யை விரும்பினால் அதையும் பேசலாம், உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"எங்கட விருப்பத்தையோ கேக்கிறார்?" என்றாள் அம்மா.

"ஓம் அம்மா."

அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு ஏ என்றாள். தம்பி ஏ-க்குப் போனான். திரும்பி வரும்போது பேருந்துத் தரிப்பிடத்தில், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"இதைச் சித்தப்பாவோட கதைக்காதை. அவர் பாவம்."

நான் கதைக்கவில்லை. ஆனால் அன்றிரவு, என் ஆசிரியையும் அன்று இதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும், சித்தப்பாதான் அதை அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டிருப்பார் என்று ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்த்தேன். சித்தப்பாவின் அகதி விண்ணப்பத்தை இரண்டு முறை மறுத்திருந்தார்கள். மூன்றாவது முறை எழுதிப் போட்டுவிட்டு அவர் காத்திருந்தது நாடகம் நடந்த அந்த வருடம்தான். அடுத்த வருடம் வதிவிட அனுமதி கிடைத்தபோது எங்கள் வீட்டில்தான் விருந்து. அம்மா ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினாள், அவர் பாட்டுப் போட்டு ஆடினார். அதற்கு முன்பும் அவர் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்ததால், அன்றைய சிரிப்பு வேறு மாதிரியானது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மரச் சப்பாத்தோடு நின்ற அந்தப் பிள்ளைக்கு, அந்த மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்களில் சித்தப்பாதான் பயமே இல்லாதவர். அந்த மொழியில் தனக்காகக் கேட்டுக் கேட்டு இல்லை என்ற பதிலையே வாங்கிய ஒருவருக்கு, இன்னொருவருக்காகவும் அதில் எதையும் கேட்க வாய் வராது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை.