ஒரு காலுக்கு இரண்டு டொக்டர்

என்னைப் பெற்ற ஐயா கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது நான் அடுப்படியில் நின்றேன். வாளி உருண்ட சத்தந்தான் கேட்டது. அவர் கத்தவில்லை.

சண்டைக் காலம், பெற்றோல் இல்லை. உடுப்பிட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்றைப் பிடிக்கவே மத்தியானமாகிவிட்டது. படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிந்திருந்தது. ஐயாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது.

அந்த வாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வயதானவர்களுக்கு இப்படி முறிந்தால் எலும்பு டொக்டர் தனியே வரமாட்டார். அடுத்த கட்டிடத்திலிருந்து மருந்து டொக்டரையும் கூட்டிக்கொண்டு வருவார். முறிவு ஒருவர் பொறுப்பு. இருதயம், பிரஷர், நெஞ்சுச் சளி எல்லாம் மற்றவர் பொறுப்பு. கட்டில் தலைமாட்டில் தொங்கும் ஒரே டிக்கெட்டில் இருவரும் எழுதுவார்கள்.

"ஒரு காலுக்கு ரெண்டு டொக்டரோ? மற்றக் காலும் முறிஞ்சிருந்தால் நாலு பேர் வந்திருப்பினம்," என்றார் ஐயா. எலும்பு டொக்டர் சிரித்தார்.

மருந்து டொக்டர் என்னிடம், ஐயா என்ன குளிசை எடுக்கிறவர் என்று கேட்டார். எனக்கும் ஐயாவுக்கும் ஒரே பிரஷர் குளிசை, வீட்டில் ஒரே போத்தல். மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். ஆனாலும் நான் உறுதியாகவே சொன்னேன்: "ஒவ்வொரு நாளும் காலமை ஒண்டு, டொக்டர். நானே கையிலை குடுக்கிறனான். நிப்பாட்டிப் போடாதேங்கோ."

அப்படியே கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஐயாவுக்குத் தலை சுற்றியது. பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. சத்திரசிகிச்சை தள்ளிப் போனது. மூன்றாம் நாளும் அதே கதை. முறிந்த இடத்தில் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று எலும்பு டொக்டர் யோசித்தார். இன்னும் படுத்துக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று மருந்து டொக்டர் பயந்தார். வீட்டில் மகளை அயலில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனம் வீட்டுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தது.

அன்று மருந்து டொக்டர் என்னைக் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "ஐயா, குளிசை எப்பிடி எடுத்தனீங்கள்? நீங்கள் சொல்லுங்கோ," என்றார்.

"பிள்ளை வெளியிலை போய் நிண்டால் சொல்லுறன்."

நான் மறைப்புச் சீலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். சீலை எதை மறைக்கும்?

"நாளுக்கு ஒண்டு தருவாள். ஒருநாள் போடுவன், மற்றநாள் அவள் திரும்பினவுடனை போத்தலுக்கை போட்டிடுவன். கிடைக்கிறதே கொஞ்சம், டொக்டர். அவளுக்குக் கரைசேர்க்க ஒரு குமர்ப்பிள்ளை இருக்கு. எனக்கு என்ன?"

"எவ்வளவு காலமா?"

"போன தைப்பொங்கலுக்கு முதலே துடங்கினது."

போத்தல் நான் நினைத்ததைவிடக் கூடுதலான நாள் வந்துகொண்டிருந்தது. கோயில் அம்மாள் கண் திறந்திருக்கிறாள் என்று நினைத்து விளக்குக்கூட வைத்திருந்தேன்.

எலும்பு டொக்டர் மற்றவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் காலுக்குள்ளை இரத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறன். மனுசன் காரணத்தைப் போத்தலுக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறார்."

மருந்து டொக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, மகளுக்கு மிச்சம் பிடிச்சது உங்கடை மனசு. அதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். எங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. பாதிக்குப் பழகின உடம்புக்கு நாங்கள் முழுசாக் குடுத்திட்டம்." குளிசையை நிறுத்தி, சேலைன் ஏற்றச் சொல்லி எழுதினார். அதற்குக் கீழேயே மற்றவர் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்.

நான் உள்ளே வந்தபோது ஐயா கண்ணை மூடிக்கொண்டார், நித்திரை போல. அவருடைய போர்வையை இழுத்து விட்டேன். கையில் கொடுத்தேன் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன என் வாயை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விழுங்கினாரா என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

ஆணி வைத்துப் பொருத்தி இரண்டாம் நாள் அவரை எழுப்பி நிறுத்தினார்கள். எலும்பு டொக்டர் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்தார். மருந்து டொக்டர் மற்றப் பக்கம் நின்று பிரஷர் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடிக்கப்போன என்னை அவர் தடுத்தார்.

"நீங்கள் பிடிக்கவேண்டாம். முன்னாலை நில்லுங்கோ. உங்களிட்டை வரட்டும்."

நின்றேன். ஐயாவின் உதடு வெளுத்திருந்தது. அவர் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதால் அங்கேயே நின்றுவிடுவார் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்கோ ஐயா," என்றேன்.

காலைத் தூக்கி வைத்தார்.