நோவுக்கு நம்பர் கேட்பவர்

சிசிலி வலது காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் ரிசீவரை எடுக்கிறார். அழுத்திப் பிடித்தால்தான் மறுமுனையில் இருப்பவரின் மூச்சு கேட்குமாம். பிரெஞ்சு பேசும் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதிச் சுகாதார நிலையத்தில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அவருடைய மேசை. இனிக் குணமாகாது என்று தெரிந்து, கடைசிக் காலத்தை வீட்டிலேயே கழிக்கும் தமிழ் நோயாளர்களைத் தினமும் தொலைபேசியில் விசாரிப்பது வேலை. அவர்கள் சொல்வதைத் பற்றிக் என்ற ஆண் தாதியிடம் பிரெஞ்சில் சொல்வார்.

ஊர் மட்டக்களப்பு, வயது ஐம்பதை நெருங்குகிறது. லாசாலிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து வருகிறார். பனிச்சப்பாத்தைக் கழற்றியதும், கம்பளிக் காலுறையைக் கட்டைவிரலுக்கு இடம்விட்டு இழுத்து, ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வார். யார் என்ன சொன்னாலும் "மறுகா?" என்பார். 'பிறகு?' என்று அர்த்தம்; யாழ்ப்பாணத்தார் "பேந்து" என்பதை அவருடைய ஊரில் அப்படிச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் அநேகர் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுகிறார்கள்.

நோவை மட்டும் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகக் கேட்க வேண்டும். அதில் சலிப்பு என்று, அவருடைய வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுத வந்த என்னிடம் சொன்னார். "நம்மட ஆக்கள் நம்பர் சொல்ல மாட்டாங்க. 'ஏதோ கிடக்கிறன்' எண்டு சொல்லுவாங்க. அதுக்கு என்ன நம்பர் போடுற?"

திருகோணமலைக்காரரான சிவானந்தம் நம்பர் சொன்னார். ஈரலில் புற்றுநோய். மனைவி கிளியோடு பக்கத்துத் தெரு அப்பார்ட்மென்ட் ஒன்றில் இருந்தார். எப்போது கேட்டாலும் "ரெண்டு" என்பார். ஜனவரியில் ஒரு காலை அந்த "ரெண்டு" வந்து சேரவே நேரம் எடுத்தது. சிசிலி ரிசீவரைக் கிளியிடம் கொடுக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் என்றார் கிளி. "மறுகா?" என்றார் சிசிலி. கிளி குசினிக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினார். மனிதர் படுப்பதில்லை, இரவெல்லாம் கதிரையில் துவாயைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். அதே கட்டடத்தில் ஒருவர் எட்டு என்று சொன்னாராம். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனதாம். ஆள் திரும்பி வரவில்லையாம்.

சிசிலி பற்றிக்கிடம் போனார். நோவு கூடினால் வீட்டிலேயே மருந்தைக் கூட்டுவீர்களா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்களா என்று கேட்டார். மோர்ஃபினை வீட்டிலேயே கூட்டலாம், ஆனால் இரத்தம் கசியத் தொடங்கினால் வீட்டிலேயே வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் பற்றிக். உண்மையான எண்ணைச் சிவானந்தமே சொல்லட்டும் என்று சிசிலி மீண்டும் அவரை அழைத்தார். பற்றிக் சொன்னதை, வாக்குக் கொடுக்க முடியாத பகுதியையும் விடாமல், தமிழில் சொன்னார்.



"ஒம்பது, பிள்ளை," என்றார் சிவானந்தம். "தீபாவளி தொடக்கம் ஒம்பதுதான்."

மத்தியானத்துக்குள் பற்றிக் டாக்டரிடம் கேட்டு மருந்தைக் கூட்டினார். அன்று சிவானந்தம் கட்டிலில் படுத்து உறங்கினார். பிறகு வந்த நாட்களில் ஐந்து சொன்னார், நான்கு சொன்னார். ஒருநாள், "ரெண்டு. இது மெய்யான ரெண்டு," என்று சிரித்தார். மார்ச்சில், அதே கட்டிலில், கிளி பக்கத்தில் இருக்க அவர் உயிர் பிரிந்தது. ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

அத்தோடு அந்த வீட்டை அழைக்கும் வேலை முடிந்தது. ஆனாலும் செத்தவீடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, நான் பக்கத்தில் இருக்கும்போதே, சிசிலி கிளியை அழைத்தார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். பசியில்லை என்றிருக்க வேண்டும் கிளி.

"அரிசியப் போடுங்க அக்கா. நான் லைன்ல நிக்கிறன்."

பற்றிக் ஏதோ கேட்க வந்தார். சிசிலி அவரைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் அரிசி களையும் சத்தம் கேட்கும்வரை கையை இறக்கவில்லை.