கதவுக்குப் பின்னால் கட்டிய வேப்பிலை

திருவனந்தபுரத்தில் இன்று எனக்கு மூன்று ஹோட்டல். படித்தது நாலாம் வகுப்பு, மற்றதெல்லாம் மூளை. எட்டு வயதிலேயே என் மூளை ஓடிய ஓட்டத்தை யாரிடமும் மார்தட்டிச் சொல்வேன், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

அப்போது பொன்முடியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். வரிசையாகப் பத்து அறை, அறைக்கொரு குடும்பம். ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் "நூறு" என்பார்கள். எங்கள் அறையில் அம்மா, மாமா, நான், இரண்டு வயதுத் தங்கச்சி. நாலு பேருக்கும் இரண்டே கம்பளி. அப்பா செத்த பிறகு அறை அம்மா பேரில் இருந்தது. அவளுக்கோ தற்காலிக வேலை. கொழுந்து சீசனில் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பேரை வெட்டுவார்கள். பேர் போனால் அறையும் போகும்.

எனக்குக் காய்ச்சல் வந்து நாலாம் நாள், முகமெல்லாம் மணல் தூவினாற்போல அம்மை போட்டது. அம்மை கண்டவன் ஆத்தாள் அல்லவா? அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தாயே, ஒரு வாய் கஞ்சி குடி தாயே" என்று கும்பிட்டாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

மலையில் வேம்பு கிடையாது. கீழே விதுரையிலிருந்து பஸ்ஸில்தான் இலை வரணும். வாசலில் இலை கட்டிய வீட்டிலிருந்து யாரும் வேலைக்குப் போகக்கூடாது, குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவிடம் விடவும் கூடாது. எழுதி வைத்த சட்டமில்லை. ஆத்தாளுக்குப் பயந்து அத்தனை பேரும் கட்டுப்பட்டார்கள்.

மாமா இலையை அரிசிச் சாக்குக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். அம்மா அதைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

"கட்டினா வேலை போச்சு. கட்டலேன்னா ஆத்தா சும்மா விடமாட்டா."

"உள்ள கட்டு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றேன் படுத்தபடி.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மாமா சிரித்துக்கொண்டே, "ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா. பொறவு என்னக்கா யோசனை?" என்றார்.

இலை கதவுக்குப் பின்னால் தொங்கியது. மறுநாளும் தங்கச்சி கொட்டகைக்குப் போனாள். அங்கே பதினோரு குழந்தைகள் ஒரே பாயில் கிடப்பார்கள்.

பத்தே நாளில் நான் எழுந்து ஓடினேன். தங்கச்சி அம்மையில் விழுந்தாள். பின்னாலேயே கொட்டகைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய். வாசல் வாசலாக இலை ஏறியது. எல்லா வாசலிலும் தொங்கினால் யார் பேரை வெட்டுவது? அம்மா வேலை தப்பியது. தங்கச்சிதான் தப்புவாளா என்று தெரியவில்லை. மூச்சு விசிலடித்தது. இரண்டு காதிலும் சீழ்.

தோட்டத்து மலையாள நர்ஸ் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "எத்தனை திவசமாச்சு? ஏன் கொண்டுவரலை?"

"அம்மைக்கு யாராச்சும் மருந்து குடுப்பாங்களா, சிஸ்டர்?" என்றாள் அம்மா.

"இப்பவே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ!"

பஸ் போய்விட்டிருந்தது. கொழுந்து லாரியில் சாக்குகள் மேல் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அம்மா தங்கச்சியின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"இருக்காம்மா?"

"பேசாதே."

அடுத்த வளைவிலும் கேட்டேன். அம்மா விரலை எடுக்கவே இல்லை.

தங்கச்சி பிழைத்தாள். ஒரு மாதம் கழித்து லயத்துக்கு வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். திரும்பவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்து, முன்னால் போய் என் பெப்பர்மிண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா மாமா, சமாதானம் ஆயிட்டா!" என்று பெருமையடித்தேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் நின்று, தட்டைக் கரண்டியால் அடித்தாள். மறுபடி அடித்தாள். இன்னும் ஓங்கி அடித்தாள். சோற்றுக்குக் கூப்பிடுகிறாள் என்று நான்தான் ஓடினேன்.